வீடு மாத்தினதுல இருந்து ஸ்பின்ல வாஷிங் மெஷின் குதிக்குது, நகர்ந்து முன்னாடி வருது – என்ன பண்ணலாம்?

மாடிவீட்டு மஞ்சு
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் மடிப்பாக்கத்துல இருந்து பல்லாவரம் பக்கம் வீடு மாத்தினோம், இங்க ரெண்டாவது மாடி. மெஷின் 7 கிலோ ஃப்ரன்ட் லோட், ஆறு வருஷமா ஓடுது, பழைய வீட்டுல சத்தமே கிடையாது. இங்க வந்ததுல இருந்து துவைக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்ல, ஸ்பின் ஆரம்பிச்சா டம டமன்னு அடிச்சு சுவரை விட்டு முன்னாடி நகர்ந்து வந்து சர்வீஸ் ஏரியா கதவை அடைச்சுக்கிட்டு நிக்குது. கீழ் வீட்டு அக்கா மேல வந்து என்ன இடிக்கிறீங்கன்னு கேட்டுட்டு போனாங்க, எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு. சர்வீஸுக்கு சொன்னோம், வந்த பையன் டோரைத் திறந்து ட்ரம்மை கையால ஒரு தடவை ஆட்டிப் பாத்துட்டு ட்ரம் போச்சு மேடம், மாத்துற காசுக்கு எக்ஸ்சேஞ்ச்ல புதுசே வாங்கிடலாம்னு சொல்லிட்டார், பின்பக்கம் கூட பாக்கல. நிஜமாவே போயிடுச்சா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

அரும்பாக்கம் அருண்
வீடு மாத்தும்போது பின்னாடி ட்ரான்ஸிட் போல்ட் (தூக்கிட்டுப் போகும்போது உள்ள ட்ரம் ஆடாம இறுக்கிப் பிடிக்கிற போல்ட்) போட்டாங்களா? போட்டுட்டு கழட்டாம விட்டா மெஷின் இப்படித்தான் குதிக்கும். முதல்ல அதைப் பாருங்க.

மாடிவீட்டு மஞ்சு
அந்த போல்ட்டே எங்ககிட்ட இல்லங்க, வாங்கினப்போ கழட்டினதோட எங்க போச்சுன்னு தெரியல. பேக்கர்ஸ் ஆளுங்க அப்படியே தூக்கிட்டு போனாங்க, டெம்போல படுக்க வெச்சுதான் கொண்டு வந்தாங்க.

ராம்நகர் சீனு
மேடம் ஆன்லைன்ல நாலு ரப்பர் பேட் கிடைக்கும், காலுக்கு கீழ வெச்சுடுங்க, முடிஞ்சுது. எங்க வீட்டுல அதுதான் வெச்சிருக்கோம், அதுக்கப்புறம் நகரவே இல்ல. இல்லனா தேங்காநார் மிதியடிய மடிச்சு கீழ போடுங்க.

கோவை செந்தில் (சர்வீஸ்)
வணக்கம்ங்க. நான் இருபது வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன், கம்பெனி ஆள் இல்ல, தனியா பண்றேன்.

மஞ்சு மேடம், ட்ரம் போச்சுன்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. பேடும் வாங்காதீங்க, மிதியடி வேண்டவே வேண்டாம் சீனு சார், மெத்துனு இருக்கிறதுக்கு மேல ஃப்ரன்ட் லோடை நிறுத்தினா ஆட்டம் அதிகம்தான் ஆகும், காலு நாலும் கெட்டியான தரையில உக்காரணும். மெஷின் ஆடுதுன்னு யார் ஃபோன் பண்ணாலும் நான் கேக்குற முதல் கேள்வி எப்போ ஆடுதுன்னுதான். ஸ்பின் எடுக்க ஆரம்பிக்கும்போதும், முடிஞ்சு வேகம் குறையும்போதும் மட்டும் டப்பு டப்புன்னு அடிச்சுட்டு நடுவுல ஃபுல் ஸ்பீடுல ஓரளவு அமைதியா ஓடுதா? இல்ல வேகம் ஏற ஏற ஆட்டமும் ஏறுதா? இல்ல ஆட்டம் கம்மிதான், ஆனா ஃப்ளைட் கிளம்புற மாதிரி ஒரு இரைச்சலா? மூணும் மூணு வேற வேற கோளாறுங்க. இதைக் கேக்காம பார்ட் மாத்துறவங்கதான் காசை வாங்கிட்டு போயிடுறாங்க, மெஷின் மறுபடி ஆடுது.

இன்னிக்கு ஒரு காரியம் பண்ணுங்க. துணி இல்லாம, தண்ணி எடுக்காம, வெறும் ஸ்பின் மட்டும் போட்டு பக்கத்துல நின்னு பாருங்க. அதுக்கு முன்னாடி மெஷினோட மேல் பலகைல ஒரு மூலையில கை வெச்சு அமுக்குங்க, அப்புறம் அதுக்கு குறுக்கு மூலையில அமுக்குங்க. நாலு மூலையும் பாத்துட்டு எந்த மூலை டொக்குனு இறங்குதுன்னு சொல்லுங்க.

இன்ஜினியர் பாலா
செந்தில் அண்ணன் சொல்றதுக்கு பின்னாடி இருக்கிற கணக்கை நானும் சொல்லிடுறேன், தெரிஞ்சா பயமும் குறையும் காரணமும் புரியும். ட்ரம்மோட ஆரம் சுமார் 24 செ.மீ.ன்னு வெச்சுக்கோங்க. ஈரத்துணில வெறும் அரை கிலோ ஒரு பக்கமா ஒதுங்கி நின்னு, ட்ரம் நிமிஷத்துக்கு 1000 சுத்து சுத்தினா அந்த அரை கிலோ வெளிய இழுக்கிற விசை கிட்டத்தட்ட 130 கிலோ எடைக்கு சமம், அதுவும் நொடிக்கு பதினாறு பதினேழு தடவை திசை மாறி மாறி. 1400 சுத்துன்னா ஏறக்குறைய அதுக்கு ரெண்டு மடங்கு. மெஷினோட மொத்த எடையே 60, 70 கிலோதான். அப்போ அது குதிக்கிறதுல ஆச்சரியம் இல்ல, மத்த வீட்டுல எல்லாம் குதிக்காம நிக்குதே அதுதான் பெரிய விஷயம். அதுக்காகத்தான் உள்ள டப்பை, அதாவது ட்ரம்மைச் சுத்தி இருக்கிற தொட்டியை, மேல ஸ்ப்ரிங்ல தொங்கவிட்டு, கீழ ஷாக் அப்சார்பர் குடுத்து, டப்போட சேத்து கான்கிரீட் கட்டியை போல்ட் போட்டு இறுக்கி வெச்சிருக்காங்க. டப்பு கனமா இருந்தாதான் அந்த அரை கிலோ இழுப்புக்கு அது கம்மியா ஆடும். ஆடுற கொஞ்ச ஆட்டத்தையும் ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் வாங்கிக்கும், வெளிப்பெட்டிக்கு வராது.

ஸ்ப்ரிங்ல தொங்குற எதுக்கும் அதுக்குன்னு ஒரு ஆட்ட வேகம் உண்டு. ட்ரம்மோட வேகமும் அந்த வேகமும் ஒத்துப்போற இடத்துலதான் ஆட்டம் உச்சத்துக்கு போகும். பெரும்பாலான மெஷின்ல அது ஸ்பின்னோட ஆரம்பத்துலயே வந்துடும், அதைத் தாண்டி மேல போனதும் தானா அடங்கிடும். திரும்ப நிக்கும்போது அதே வேகத்தைக் கடந்துதான கீழ வரணும், அதனால அப்பவும் ஒரு தடவை அடிக்கும். அந்த நேரத்துல டப்பைப் பிடிச்சு அடக்குற வேலை ஷாக் அப்சார்பரோடது. அதனாலதான் அண்ணன் எப்போ ஆடுதுன்னு கேக்குறார்.

தஞ்சை மீனா
எங்க வீட்டுலயும் ஆட்டம்தான், ஆனா நாங்க வீல் வெச்ச ஸ்டாண்டு மேல வெச்சிருக்கோம். மழை பெஞ்சா பின்கட்டுல தண்ணி நிக்கும், கீழ வெக்க முடியாது. ஸ்டாண்டால ஆடுமா அண்ணா? கடைக்காரரே குடுத்ததுதான் அது.

கோவை செந்தில் (சர்வீஸ்)
கண்டிப்பா ஆடும்ங்க. டாப் லோடுக்கே வீல் ஸ்டாண்டு சரிப்படாது, ஃப்ரன்ட் லோடுக்கு சொல்லவே வேண்டாம். நாலு வீலுல ஒண்ணு லேசா தூக்கிட்டு இருந்தா போதும், மேல எவ்வளவு மட்டம் பாத்தாலும் வீண்தான். தண்ணி நிக்கிற இடம்னா கொத்தனாரைக் கூப்பிட்டு செங்கல் வெச்சு ஒரு நாலு இஞ்ச் அஞ்சு இஞ்ச் மேடை கட்டி மேல கடப்பா கல்லு போட்டுடுங்க, ஒரு நாள் வேலைதான். கல்லு வழவழன்னு இருந்தா மெஷின் வழுக்கும், அந்த இடத்துலதான் சீனு சார் சொன்ன ரப்பர் பேடுக்கு வேலை. பேடு வழுக்காம பிடிச்சுக்கும், கீழ் வீட்டுக்கு சத்தம் இறங்குறதை கொஞ்சம் குறைக்கும். கோணலா நிக்கிற மெஷினை அது நேராக்காது, உள்ள உடைஞ்சதை சரி பண்ணாது.

ராம்நகர் சீனு
எங்க வீட்டுல தரை மட்டம்தான், டைல்ஸ்ல வழுக்கிட்டு இருந்துச்சு, அதனால பேடு சரிப்பட்டு வந்திருக்கு போல. மேடம் கேஸ் வேற மாதிரி தெரியுது, அண்ணன் சொல்றபடி பாருங்க.

மாடிவீட்டு மஞ்சு
பாத்துட்டேன் அண்ணா. முன்னாடி இடது மூலையில அமுக்கினா இறங்குது, கை எடுத்தா எழும்புது. வெறும் ஸ்பின் போட்டேன், துணி இல்லாமலே ஆரம்பத்துல லேசா அடிச்சுது, அப்புறம் அடங்கி ஓடுச்சு, நிக்கும்போது மறுபடி டம்முனு ஒரு அடி. இரைச்சல் எதுவும் இல்ல. சர்வீஸ் ஏரியா தரை, தண்ணி இறங்குற ஜாலி பக்கமா நல்ல சரிவு, தண்ணி போறதுக்குன்னு வாட்டம் குடுத்திருக்காங்க.

கோவை செந்தில் (சர்வீஸ்)
நல்லா பாத்து சொல்லிட்டீங்க, பாதி வேலை முடிஞ்சுது. உங்களுக்கு ரெண்டு விஷயம் இருக்குன்னு நினைக்கிறேன். ஒண்ணு லெவல், இன்னொண்ணு உள்ள ஷாக்கோ ஸ்ப்ரிங்கோ. லெவலை முதல்ல முடிப்போம், அது சரியில்லாம அடுத்ததைப் பாத்தா குழப்பம்தான்.

பக்கத்துல எங்கயாவது கட்டட வேலை நடந்தா கொத்தனார்கிட்ட ரசமட்டம் ஒண்ணு கேட்டு வாங்குங்க, ஃபோன் ஆப்பை விட அது நம்பிக்கையானது. மெஷின் மேல இடமிருந்து வலமா ஒரு தடவை, முன்னாடி இருந்து பின்னாடி ஒரு தடவை வெச்சுப் பாருங்க. நிறைய மேனுவல்ல தரை சரிவு 1 டிகிரிக்கு மேல போகக் கூடாதுன்னு போட்டிருப்பாங்க, 60 செ.மீ. அகலமுள்ள மெஷினுக்கு அது வெறும் 1 செ.மீ. உயர வித்தியாசம்தான், வாட்டம் குடுத்த தரையில அது ஈசியா தாண்டிடும். ப்ளக்கைப் புடுங்கிட்டு, ரெண்டு பேரா நின்னு ஒருத்தர் மெஷினை லேசா சாய்க்க இன்னொருத்தர் காலை திருகணும். தனியா பண்ணாதீங்க, கால் மேல விழுந்தா எலும்பு நொறுங்கிடும். எந்தக் காலையும் ரொம்ப வெளிய இழுத்து வெக்காதீங்க, காலு நீள நீள ஆட்டம் ஜாஸ்தி ஆகும். தாழ்வா இருக்கிற பக்கம் மட்டும் தேவையான அளவு ஏத்துங்க, மத்தது உள்ளயே இருக்கட்டும்.

நிறைய பேர் விட்டுடுற ஒரு விஷயம் இதுல இருக்கு. ஒவ்வொரு காலுலயும் ஒரு லாக் நட்டு இருக்கும், மட்டம் வந்ததும் அந்த நட்டை மெஷின் பாடி பக்கமா மேல ஏத்தி ஸ்பேனர் போட்டு இறுக்கணும். நட்டு கீழ தரைப்பக்கம் தொங்கிட்டு இருந்தா ஸ்பின் ஆட்டத்துல காலு தானா சுத்தி கொஞ்ச நாள்ல மட்டம் போயிடும். லெவல் பண்ணிட்டுப் போனாங்க ஒரு வாரம் நல்லா இருந்துச்சு மறுபடி ஆடுதுன்னு சொல்ற கேஸ்ல முக்காவாசி இந்த நட்டுதாங்க.

டைல்ஸையும் விரல் மடிச்சு தட்டிப் பாருங்க. காலு உக்கார்ற டைல்ஸ் உள்ள காலியா சத்தம் குடுத்தா அந்த இடம் வேண்டாம், கொஞ்சம் தள்ளி வைங்க.

ஸ்கார்பரோ ரவி
இஞ்ச கனடாவில எங்கட வீட்டிலயும் இதே பிரச்சினை இருந்தது, ஆனா காரணம் வேற. இஞ்ச கன வீடுகள் மரச்சட்டத்தில கட்டினது, எங்கட லோண்ட்ரி மேல் மாடியில. மெசின் லெவலாத்தான் நிண்டது, ஷாக்கும் புதுசு, அப்பிடியும் ஸ்பின் போட்டா பக்கத்து அறையில கட்டில் வரைக்கும் அதிரும். வந்து பாத்த ஆள் சொன்னார், ஆடுறது மெசின் இல்லை, கீழ இருக்கிற மரத்தளம் எண்டு. நடுவில நிண்ட மெசினை சுவர் ஓரமா, தளத்தைத் தாங்கிற மரங்கள் ரெண்டு மூண்டில பாரம் பரவுற மாதிரி தள்ளி, கீழ முக்கால் இஞ்ச் பிளைவுட் ஒண்டை தளத்தோட ஸ்க்ரூ போட்டு இறுக்கின பிறகுதான் குறைஞ்சது. உங்கட பக்கம் கொங்கிரீட் தளம் எண்டபடியா இது தேவைப்படாது, வெளிநாட்டில இருந்து வாசிக்கிற ஆக்களுக்காக எழுதுறன்.

மாடிவீட்டு மஞ்சு
நன்றி ரவி அண்ணா, எங்களுது கான்கிரீட் தளம்தான்.

செந்தில் அண்ணா, தங்கச்சி வீட்டுக்காரர் வந்து பண்ணிக்குடுத்தார். நீங்க சொன்னது அப்படியே இருந்துச்சு, நாலு லாக் நட்டும் கீழ இறங்கி லூசா கிடந்துச்சு. ஜாலி கிட்ட இருந்து எதிர் சுவத்துப் பக்கம் மெஷினை மாத்தி, ரசமட்டம் வெச்சு, நட்டெல்லாம் இறுக்கியாச்சு. இப்போ நகரவே இல்ல, அது பெரிய நிம்மதி. ஆனா துணி போட்டு ஓட்டினா ஸ்பின் எடுக்கும்போது உள்ள ட்ரம் பாடில போய் இடிக்கிற சத்தம் அப்படியே இருக்கு. போர்வை போட்டப்போ நாலஞ்சு தடவை நின்னு நின்னு சுத்திட்டு டைமர் ஒரே இடத்துல நின்னுடுச்சு, கடைசில யூஇன்னு காட்டுச்சு.

இன்ஜினியர் பாலா
யூஇ எல்ஜில வர்றது, துணி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கு பேலன்ஸ் ஆகலன்னு அர்த்தம். சாம்சங்ல அதுவே யூபின்னு வரும். ஸ்பின் வேகம் ஏத்துறதுக்கு முன்னாடி மெஷின் மெதுவா சுத்தி, மோட்டாரோட வேகம் எவ்வளவு ஏறி இறங்குதுன்னு பாத்து எடை ஒரு பக்கமா இருக்கான்னு கண்டுபிடிக்கும். இருந்தா திரும்ப துணியைப் பிரிச்சு பரப்பிப் பாக்கும், அதனாலதான் டைமர் நின்ன இடத்துலயே நிக்குது, மெஷின் பழுதுன்னு பயப்பட வேண்டாம். ஒத்த போர்வை, ஒத்த ஜீன்ஸ், பாத்ரூம் மிதியடி இதெல்லாம் தனியா போட்டா இப்படி ஆகும். கூட ரெண்டு டர்க்கி டவல் சேத்துப் போடுங்க. போர்வைக்குள்ள சின்னத் துணியெல்லாம் புகுந்து மூட்டை கட்டிக்கும், நிறுத்திட்டு உதறிப் போட்டாலே சரியாகும். ஸ்பின்னையும் 1200 வேண்டாம், 800 வைங்க.

கோவை செந்தில் (சர்வீஸ்)
பாலா தம்பி சொன்னது சரி. ஆனா சாதாரணத் துணிக்கும் உள்ள இடிக்குதுன்னா ஷாக்தான்ங்க. ஒரு சின்ன சோதனை. டோரைத் திறந்து ட்ரம்மோட மேல் விளிம்பைப் பிடிச்சு நல்லா கீழ அமுக்கி சட்டுனு விடுங்க. நல்ல ஷாக்குன்னா ஒரு தடவை மேல வந்து அப்படியே நின்னுடும். மேலயும் கீழயும் ரெண்டு மூணு தடவை ஊஞ்சலாடினா ஷாக் செத்துப்போச்சு, இல்ல கழண்டுருக்கு.

படுக்க வெச்சு கொண்டுவந்தாங்கன்னு சொன்னீங்க, அங்கதான் எனக்கு சந்தேகம். ட்ரான்ஸிட் போல்ட் இல்லாம டெம்போல படுக்க வெச்சா அந்த கான்கிரீட் கட்டியோட சேத்து டப்பு முழு எடையும் ஒரு பக்கமா சாயும், ஒவ்வொரு ஸ்பீடு ப்ரேக்கருக்கும் போய் பாடில இடிக்கும். அதுல ஷாக்கோட பின் உடையலாம், மேல ஸ்ப்ரிங் கொக்கில இருந்து கழண்டு விழலாம், கான்கிரீட் கட்டியோட போல்ட் லூஸ் ஆகலாம். மூணையும் பாத்துடலாம். ப்ளக்கைப் புடுங்கி, பைப்பை மூடிட்டு, பின் பலகை ஸ்க்ரூவைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாருங்க. கீழ டப்புல இருந்து அடிச்சட்டத்துக்கு சாய்வா போற குச்சிங்கதான் ஷாக். மேல ரெண்டு பக்கமும் ஸ்ப்ரிங் கொக்கில மாட்டியிருக்கான்னு பாருங்க. கட்டியை கையால பிடிச்சு ஆட்டுங்க, அசையவே கூடாது.

மதுரை முருகேசன்
அண்ணே நடுவுல கேக்குறதுக்கு மன்னிக்கணும், எங்க வீட்டுல செமி ஆட்டோமேட்டிக். துவைக்கிற பக்கம் நல்லா இருக்கு, பிழியிற பக்கம் போட்டா மெஷின் கிடுகிடுன்னு ஆடி உள்ள டப்பு சைடுல தட்டுது. இதுக்கும் ஷாக்தானா?

கோவை செந்தில் (சர்வீஸ்)
அதுல ஷாக் கிடையாதுங்க முருகேசன். ஸ்பின் மோட்டார் மூணு ஸ்ப்ரிங் மேல உக்காந்திருக்கும், அதுல ரப்பர் புஷ்ஷு இருக்கும். எலி கடிச்சோ, உப்புத்தண்ணி ஒழுகி துரு பிடிச்சோ ஒண்ணு போனாலும் மோட்டார் சாஞ்சுடும், டப்பு தட்டும். ஆனா அதுக்கு முன்னாடி, துணிக்கு மேல வெக்கிற ஓட்டை ஓட்டையான ப்ளாஸ்டிக் மூடி ஒண்ணு குடுத்திருப்பாங்களே, அதை வெக்கிறீங்களா? துணியை சுத்தி சமமா அமுக்கி அந்த மூடியை வெச்சுட்டு சுத்திப் பாருங்க. நிறைய வீட்டுல அது பரண்ல கிடக்கும். மூடி வெச்சும் தட்டினா பின் பலகையைக் கழட்டி ஸ்ப்ரிங்கைப் பாருங்க. மேல பெல்லோல, அதாவது தண்டைச் சுத்தி இருக்கிற ரப்பர் உறையில, தண்ணி கசியுதான்னும் சேத்துப் பாருங்க, கசிஞ்சா நேரா மோட்டார் மேலதான் விழும்.

மதுரை முருகேசன்
மூடி இருக்குண்ணே, வெச்சதில்ல. வெச்சுப் பாத்து சொல்றேன்.

வேளச்சேரி வித்யா
எங்க மெஷின் ஆட்டத்தை விட இரைச்சல்தான். ஸ்பின்ல பேசுறது கேக்காது. பின்னாடி துரு கலந்த தண்ணி ஒழுகின தடம் இருக்கு. போர் தண்ணி, பக்கெட்டுல கூட வெள்ளையா உப்பு படியும். இது என்னவா இருக்கும் செந்தில் சார்?

கோவை செந்தில் (சர்வீஸ்)
பேரிங்மா. முதல்ல தண்ணியைத் தடுக்கிற ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல், தேயும், தண்ணி பேரிங்குக்குள்ள இறங்கும், க்ரீஸ் கரைஞ்சு துருவோட வெளிய வரும், அந்தத் தடம்தான் நீங்க பாத்தது. ஒரு வித்தியாசம் மட்டும் பாத்து வெச்சுக்கோங்க, ஏன்னா பேரிங்குனு சொல்லி ஸ்பைடரை விட்டுடுவாங்க, ஸ்பைடருக்கு பதிலா பேரிங்கை மாத்திட்டு போயிடுவாங்க. ட்ரம்முக்கு பின்னாடி மூணு கை வெச்ச அலுமினியம் வார்ப்பு ஒண்ணு இருக்கும், அதுக்குத்தான் ஸ்பைடர்னு பேரு, தண்டும் அதுலதான் இருக்கும். உப்புத் தண்ணியும் சோப்பு அழுக்கும் சேந்து தங்கி அதை அரிச்சிடும், கழட்டிப் பாத்தா கை மேல வெள்ளை வெள்ளையா பொரிஞ்சு கிடக்கும், விரலால அழுத்தினா உதிரும். ஒரு கை விட்டுப்போச்சுன்னா ட்ரம் கோணலா சுத்தும்.

டோரைத் திறந்து ட்ரம் விளிம்புக்கும் ரப்பர் கேஸ்கட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாத்துக்கிட்டே ட்ரம்மை மெதுவா சுத்துங்க. சுத்தச் சுத்த இடைவெளி பெருசாகி சின்னதாகுதுன்னா ஸ்பைடர். சுத்தும்போது சமமா இருக்கு, ஆனா ட்ரம்மை மேல தூக்கினா மட்டும் வெளி டப்பை விட்டு தனியா லொடலொடன்னு ஆடுதுன்னா பேரிங். பேரிங் மாத்தினா ஆயில் சீலும் சேத்துதான் மாத்தணும், சீலை விட்டுட்டு பேரிங் மட்டும் போட்டா மறுபடி தண்ணி இறங்கிடும். சில மெஷின்ல டப்பை ரெண்டா பிரிக்க முடியாம ஒட்டியே குடுத்திருப்பாங்க, அதுல மொத்த டப்பும் மாத்தச் சொல்லுவாங்க, அப்போ மட்டும் புதுசு வாங்கலாமான்னு யோசிங்க. துவைச்சு முடிச்சதும் டோரைத் திறந்து காய விடுங்க, பவுடரை அள்ளிக் கொட்டாதீங்க, மாசம் ஒரு தடவை வெந்நீர்ல ட்ரம் க்ளீன் போடுங்க. போர் தண்ணி ஊருல ஸ்பைடருக்கு இதை விட்டா வேற பாதுகாப்பு கிடையாது. பேரிங் சத்தத்தோட ரொம்ப நாள் ஓட்டாதீங்கம்மா, தண்டு தேஞ்சு போயிடும்.

மாடிவீட்டு மஞ்சு
அண்ணா பின் பலகை திறந்து பாத்தாச்சு. ஸ்ப்ரிங் ரெண்டும் கொக்கில இருக்கு, கான்கிரீட் கட்டி அசையல. ஆனா வலது பக்க ஷாக் கீழ்ப்பக்கம் கழண்டு சட்டத்து மேல சும்மா கிடக்கு, பின்னோட பாதி உடைஞ்சு கீழ விழுந்திருக்கு. இடது பக்கம் மாட்டியிருக்கு, ஆனா கையால இழுத்தா எந்தப் பிடிப்பும் இல்லாம வழுக்கிட்டு வருது. கழண்டதுக்கு எண்ணெய் விட்டு வேற போல்ட் போட்டு மாட்டலாமான்னு தங்கச்சி வீட்டுக்காரர் கேக்குறார்.

கோவை செந்தில் (சர்வீஸ்)
வேண்டாம், எண்ணெய் மட்டும் விட்டுடாதீங்க! அதுக்குள்ள பைக் ஷாக்குல இருக்கிற ஆயில் கிடையாது. க்ரீஸ்ல ஊறின ஃபோம் ஒண்ணு குச்சியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும், அந்த உராய்வுதான் ஆட்டத்தை அடக்குது. எண்ணெயோ டபிள்யூடி 40யோ அடிச்சா இருக்கிற கொஞ்ச உராய்வும் போயிடும். டாப் லோடுல டப்பைத் தொங்கவிடுற ராடுக்கும் இதேதான். இழுத்தா வழுக்கிட்டு வர்ற ஷாக் ஆயுசு முடிஞ்சது. ஒண்ணு மட்டும் மாத்தினா ரெண்டு பக்கமும் பிடிப்பு ஒத்துப்போகாது, ஜோடியா மாத்துங்க. உங்க மெஷின்ல மூணு இருந்தா மூணும்.

வாங்கப் போகும்போது டோர் ஓரத்துலயோ பின்னாடியோ ஒட்டியிருக்கிற மாடல் நம்பரை ஃபோட்டோ எடுத்துக்கோங்க, பழைய ஷாக்கையும் கையில கொண்டு போங்க. அது மேல 80 நியூட்டன், 100 நியூட்டன், 120 நியூட்டன்னு அச்சடிச்சிருப்பாங்க, அதே அளவுதான் வாங்கணும். நீளம் ஒண்ணா இருக்கு போட்டுக்கலாம்னு கடையில சொன்னா கேக்காதீங்க. பின்னும் புதுசு வாங்குங்க, போல்ட் போட்டா அது ஆட்டத்துல ப்ளாஸ்டிக் ஓட்டையை அறுத்துடும். பழைய பின்னைக் கழட்ட அதோட முனையில ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதை ப்ளையர்ல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு எதிர்ப்பக்கமா இழுத்தா வந்துடும். புதுசை மாட்டும்போது டக்குனு சத்தம் கேட்டு நாக்கு வெளிய வந்து நிக்கணும், நிக்கலைன்னா முழுசா போகலன்னு அர்த்தம்.

தஞ்சை மீனா
மேடைக்கு கொத்தனார்கிட்ட சொல்லிட்டேன் அண்ணா, ஞாயித்துக்கிழமை வர்றார். எங்களுது டாப் லோடு, அதுல வேற எதாவது பாக்கணுமா?

கோவை செந்தில் (சர்வீஸ்)
டாப் லோடுல டப்பு நாலு மூலையிலயும் ராடுல தொங்கும். வெறும் டப்பு ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதுன்னா அந்தப் பக்க ராடு போச்சு, நாலும் சேத்து மாத்திடுங்க. இன்னொண்ணு, உள் கூடையோட மேல் விளிம்புல கனமான ப்ளாஸ்டிக் வளையம் இருக்கும்ல, அதுக்குள்ள உப்புக் கரைசல் ஊத்தி அடைச்சிருப்பாங்க. கூடை சுத்தும்போது துணி கனம் ஒரு பக்கம் இருந்தா தண்ணி எதிர்ப்பக்கம் ஓடிப்போய் நின்னு சமன் பண்ணும். அந்த வளையம் விரிசல் விட்டு தண்ணி இறங்கிட்டா நீங்க எந்த ராடு மாத்தினாலும் ஆட்டம் நிக்காது. வளையத்து அடியில வெள்ளையா உப்பு பூத்த தடம் இருக்கான்னு பாருங்க.

இன்ஜினியர் பாலா
டாப் லோடு வெச்சிருக்கிற எல்லாருக்கும் இன்னொரு விஷயம் சொல்லணும். ரெயின்கோட், தார்ப்பாய், தண்ணி இறங்காத மெத்தை உறை இதெல்லாம் ஸ்பின்ல போடாதீங்க. துணிக்குள்ள தண்ணி பை கட்டி நிக்கும், வெளிய போக வழி கிடையாது, முழு வேகத்துல போகும்போது திடீர்னு ஒரு பக்கம் கொட்டினா மொத்த பேலன்ஸும் போயிடும். 2016 நவம்பர்ல அமெரிக்கால சாம்சங் டாப் லோடு மெஷின் சுமார் 28 லட்சம் திரும்ப அழைச்சாங்க, ஸ்பின்ல ஆட்டம் தாங்காம மேல் பகுதியே பிச்சுக்கிட்டு வந்த கேஸ் இருந்ததால. பெரிய போர்வையும் தண்ணி புகாத துணியும் குறைஞ்ச ஸ்பின்லதான் போடணும்னு அப்போ சொன்னாங்க. மேனுவல்ல எச்சரிக்கை பக்கத்துல இருக்கும், யாரும் படிக்கிறதில்ல. குழந்தைங்க இருக்கிற வீட்டுல இதை ரொம்ப கவனமா பாக்கணும்.

மதுரை முருகேசன்
செந்திலண்ணே மூடி வெச்சு ஓட்டினேன், தட்டுறது நின்னுருச்சு. லேசான ஆட்டம் இருக்கு, அது பரவாயில்ல.

மாடிவீட்டு மஞ்சு
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஷாக் ரெண்டும் பின்னோட வாங்கி மாத்தியாச்சு, பழசுல 100 நியூட்டன்னு இருந்துச்சு, கடையில முதல்ல வேறதான் எடுத்துக் குடுத்தாங்க, நம்பரைக் காட்டி மாத்தி வாங்கினோம். மாத்தின உடனே ட்ரம்மை அமுக்கி விட்டுப் பாத்தேன், ஒரு தடவை எழும்பி நின்னுடுச்சு. நேத்து ஒரு லோடு 1000ல ஓட்டினேன், மேல கை வெச்சா தான் ஓடுறதே தெரியுது. கீழ் வீட்டு அக்காகிட்ட கேட்டேன், சத்தம் வரலன்னு சொல்லிட்டாங்க. எக்ஸ்சேஞ்ச்ல குடுத்திருந்தா நல்ல மெஷினைத் தூக்கிக் குடுத்திருப்போம்.

இன்னொரு கேள்வி மட்டும் அண்ணா, இது வாடகை வீடு, திரும்ப மாறித்தான ஆகணும், அப்போ போல்ட் இல்லாம என்ன பண்றது?

கோவை செந்தில் (சர்வீஸ்)
ரொம்ப சந்தோஷம்மா. மாடல் நம்பர் சொல்லி ட்ரான்ஸிட் போல்ட் செட்டு இப்பவே ஸ்பேர்ல ஆர்டர் பண்ணி வாங்கி வெச்சுடுங்க, வீடு மாத்துற வாரம் தேடினா கிடைக்காது. பின்னாடி ப்ளாஸ்டிக் மூடி போட்ட ஓட்டைங்கதான் அதுக்கான இடம், மூணோ நாலோ இருக்கும். ஸ்பேசரோட உள்ள விட்டு ஸ்பேனர்ல இறுக்குங்க. ஏத்துற ஆளுங்க எது சொன்னாலும் படுக்க வெக்க விடாதீங்க, நிக்க வெச்சு கயித்தால கட்டச் சொல்லுங்க. புது வீட்டுல இறக்கினதும் ப்ளக் சொருகுறதுக்கு முன்னாடியே போல்ட்டைக் கழட்டிடணும், கழட்டினதை ஒரு கவர்ல போட்டு மெஷினுக்குப் பின்னாடியே டேப் போட்டு ஒட்டிடுங்க.